கருவுற்ற காலத்தில் மது, போதைப் பழக்கம்: மறைக்க வேண்டாம், சிகிச்சை உண்டு

கருவுற்ற தாய் அருந்தும் மது, நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தையைச் சென்றடைகிறது. கருவுற்ற காலத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை. கருச்சிதைவு, எடைக்குறைவு, மூளை வளர்ச்சிக் குறைபாடு ஆகியவை நேரிடலாம்.

உடனே நிறுத்திவிடலாமா?

நாள்தோறும் மது அருந்தியவர் தாமாகவே திடீரென நிறுத்தக் கூடாது. நடுக்கமும் வலிப்பும் ஏற்பட்டு இரு உயிருக்கும் ஆபத்தாகலாம். அபின் வகைப் பொருள்களுக்கும், போதை தரும் வலிநிவாரணி மாத்திரைகளுக்கும் இது பொருந்தும். மருத்துவர் மேற்பார்வையில் மாற்று மருந்து அளிக்கப்படும்.

யாரை அணுகுவது?

கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடமோ முதல் பரிசோதனையிலேயே தெரிவியுங்கள். மேல்சிகிச்சைக்குப் புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அணுகலாம். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன்படி சிகிச்சை விவரங்களை இரகசியமாகக் காக்கப்பெறுவது நோயாளியின் உரிமை.

போதை மீட்பு ஆலோசனைக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416 ஆகிய கட்டணமில்லா எண்களை அழைக்கலாம். வலிப்பு, இரத்தப்போக்கு ஏற்பட்டால் உடனே 108-ஐ அழையுங்கள்.

குடும்பத்தினர் கவனத்திற்கு

பழிச்சொல் தாயைச் சிகிச்சையிலிருந்து விலக்கிவிடும். பரிசோதனைக்கு உடன் செல்லுங்கள். பிறந்த குழந்தைக்கு நடுக்கம், ஓயாத அழுகை, பால் குடிக்க இயலாமை இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். அதற்கும் சிகிச்சை உண்டு.