பழைய யுனிக்சுக் கணினியும் பேசாத முனையமும்

யுனிக்சு என்னும் பணிசெயல் முறைமை 1969ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன், டெனிசு றிச்சி ஆகியோரால் தொடக்கப்பெற்றது. அக்காலத்தில் கணினியோடு உரையாடுதற்குப் பெரும்பாலும் பயன்பட்டது, கம்பி வழியாக இணைக்கப்பட்ட ரெலிரைப் என்னும் தட்டெழுத்துப் பொறியே. பின்னர் கடதாசியின் இடத்தைத் திரை பெற்றது. 1978இல் வெளிவந்த வீ.ரி.100 என்னும் முனையம் அவ்வகையிற் புகழ்பெற்றது. பொறி மறைந்தும் பெயர் மறையவில்லை. லினக்சு முறைமையில் முனையத்தைக் குறிக்கும் ரி.ரி.வை. என்பது ரெலிரைப் என்பதன் குறுக்கமேயாம்.

முனையம் பேசாதொழியின், உள்ளே செவ்வனே இயங்குங் கணினியும் இறந்துபட்டது போலத் தோன்றும். அந்நிலையிற் பொறுமையிழந்து மின்னை நிறுத்துவோர் பெருந்தவறிழைக்கின்றனர். யுனிக்சு முறைமை எழுதவேண்டிய தரவுகளைச் சிறிதுநேரம் நினைவகத்தில் வைத்திருந்தே வட்டில் எழுதும். மின் திடீரென நின்றால் அவை அழியும், கோப்பமைப்பும் பழுதுறும். பல்லாண்டுப் பதிவுகள் ஒரு கம்பியின் குற்றத்துக்காகப் பலியாதல் கூடாது. ஆதலின், ஆராய்ச்சி கம்பியிலிருந்து தொடங்கி ஒழுங்காக மேற்செல்லல் வேண்டும்.

முதலிற் காணவேண்டியது இணைப்பி. முப்புறமுங் கடல் சூழ்ந்த யாழ்ப்பாணக் குடாநாடு போன்ற இடங்களில் உப்புக் காற்றினால் உலோக ஊசிகள் துருவேறுதல் இயல்பு. அடுத்து, உவோற்றுமானி கொண்டு ஊசிகளை அளத்தல் வேண்டும். 1960இல் வகுக்கப்பட்ட ஆர்.எஸ்.232 என்னும் நியமத்தின்படி, 3 முதல் 15 உவோற்று வரையான மறை அழுத்தம் ‘ஒன்று’ என்பதையும், அதேயளவு நேர் அழுத்தம் ‘பூச்சியம்’ என்பதையும் குறிக்கும். செய்தி செல்லாதபோது அனுப்புங்கம்பி மறை அழுத்தத்திலேயே நிற்கும். எனவே, 25 ஊசி இணைப்பியில் 7ஆம் ஊசியாகிய பொதுக்கம்பிக்கும் 2ஆம், 3ஆம் ஊசிகளுக்குமிடையே தனித்தனியே அளந்தால், எது அனுப்பும் ஊசி என்பது புலனாகும். கணினி, முனையம் இரண்டும் 2ஆம் ஊசியிலேயே அனுப்பினாற் குறுக்குக் கம்பி வேண்டும். ஒன்று 2இலும் மற்றையது 3இலும் அனுப்பினால் நேர்க்கம்பி போதும். வாய்க்கு நேரே வாயும், செவிக்கு நேரே செவியும் வைத்து எவரும் உரையாட இயலாதன்றோ? மேலும், முனையத்தின் 2ஆம், 3ஆம் ஊசிகளை ஒன்றாக இணைத்துத் தட்டெழுதினால் எழுத்துகள் திரையில் மீண்டு வரவேண்டும். வருமாயின் முனையத்திற் குற்றமில்லை.

எழுத்துகள் தோன்றியும் பொருளற்றனவாயின் வேகத்தைச் சரிபார்த்தல் வேண்டும். செக்கனுக்கு 9600 பிற்று என்னும் வேகத்தில் ஒரு பிற்றின் காலம் ஏறத்தாழ 104 மைக்குரோசெக்கன். தொடக்கப் பிற்றைக் கண்டதும் பெறும் பொறி தன் கடிகையைத் தொடக்கி, ஒவ்வொரு பிற்றினதும் நடுவில் அதனை வாசிக்கும். பத்தாம் பிற்றை அடையுமுன் அரைப்பிற்று அளவு பிசகினால் வாசிப்புத் தவறும். ஆகவே இருபுறக் கடிகைகளுக்குமிடையே நூற்றுக்கு ஐந்தளவு வேறுபாடே எல்லையாகும். சில எழுத்துகள் மட்டும் பிழைத்தால், குற்றம் சமநிலைப் பிற்றில் உளது. ‘ஏ’ என்னும் ஆங்கிலப் பேரெழுத்தின் எண் 65. துவித எண்ணில் அதற்கு இரண்டு ஒன்றுகள். ‘சீ’யின் எண் 67, அதற்கு மூன்று. ஒன்றுகளை இரட்டைப்படையாக்க முயலும் முனையம் பின்னதற்கு மட்டும் எட்டாம் பிற்றை ஒன்றாக்கும். அதனை அறியாத கணினி, முன்னதைச் சரியாகவும் பின்னதைப் பிழையாகவும் வாசிக்கும்.

கம்பியும் வேகமும் செவ்வையாயிருந்தும் உட்புகும் அழைப்பு வாராதாயின், சைகைக் கம்பிகளை நோக்குக. காங்கேசன்துறைக்குச் செல்லும் ஒற்றைப் புகையிரதப் பாதையில் அடுத்த நிலையத்தின் இசைவின்றி வண்டி புறப்படாதவாறு, கெற்றி என்னும் செய்நிரல் 8ஆம் ஊசியில் இணைப்புச் சைகை வருமளவும் காத்திருக்கும். மூன்றே கம்பிகள் கொண்ட வடத்தில் அச்சைகை ஒருபோதும் வாராது. கணினிப் பக்கத்து 20ஆம் ஊசியை 8ஆம் ஊசியோடு இணைத்தலோ, அது மோடமற்ற உள்ளூர்க்கம்பி என அமைப்பில் அறிவித்தலோ பரிகாரமாகும். இடைநடுவே திரை உறைந்தால், கட்டுப்பாட்டுச் சாவியுடன் ‘எஸ்’ அழுத்தப்பட்டிருத்தல் கூடும். ‘கியூ’ அழுத்தினால் ஓட்டம் மீளும். புகும்போது பெயரைப் பேரெழுத்திலே தட்டினால், முனையத்திற் சிற்றெழுத்தில்லை எனப் பழைய யுனிக்சு கருதி, அனைத்தையும் பேரெழுத்திலேயே காட்டும். இது பழுதன்று, ரெலிரைப் காலத்து எச்சம்.

தமிழெழுத்தைக் கையாள்வோர்க்கு எட்டாம் பிற்று இன்றியமையாதது. 1992இல் யூ.ரி.எப்.8 என்னும் குறிமுறையை வகுத்தவருள் முற்கூறிய கென் தொம்சனும் ஒருவர். அம்முறையில் ‘அ’ என்னும் எழுத்து 224, 174, 133 என்னும் மூன்று பைற்றுகளாகும். எட்டாம் பிற்றை நீக்கும் பழைய கம்பியில் ஒவ்வொன்றிலும் 128 குறைந்து 96, 46, 5 என வரும். முதலிரண்டும் வெறுங்குறிகள். மூன்றாவதோ, ‘நீ யார்?’ என முனையத்தை வினவுங் கட்டளை. அதற்கு முனையம் விடையிறுத்தால், எவருந் தட்டாத எழுத்துகள் கணினியைச் சென்றடையும். கணினிக்குப் பேய்பிடித்ததென மருளத்தக்க இந்நிகழ்ச்சியின் காரணம் ஒரு பிற்றின் இழப்பேயாகும்.

வலையமைப்பைத் தாங்கும் வழிச்செலுத்திகளிலும் வழங்கிகளிலும் தொடர்துறை இன்றும் பொருத்தப்படுகின்றது. ஏனைய வழிகள் யாவும் அடைபட்டபோது எஞ்சி நிற்கும் வாயில் அதுவே. கம்பி, வேகம், சைகை, செய்நிரல், எழுத்து என்னும் இவ்வரிசையில் ஒவ்வொன்றாகச் சோதித்து, ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றுவோர், குற்றத்தைக் காண்பதோடு அதன் காரணத்தையும் அறிவர்; அதன்பயனாக உள்ளிருக்கும் பதிவுகளும் காக்கப்பெறும்.