நரம்பு மாத்திரையும் தொழிலாளியின் உரிமையும்

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தை அடுத்த தெருவிலோ, எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் அணிவகுத்து நிற்கும் இடத்திலோ, திருவொற்றியூரில் ஷிப்டு முடியும் வேளையிலோ, மருந்துக் கடையின் முன் சற்றே நின்று பார்ப்பவர் கண்ணுக்குத் தப்பாத காட்சி ஒன்று உண்டு. இடுப்பைப் பிடித்துக்கொண்டு வரும் தொழிலாளி ஒருவர், சட்டைப்பையிலிருந்து காலி அட்டையை எடுத்து நீட்டி, "அண்ணே, இந்த நரம்பு மாத்திரை அஞ்சு குடு" என்கிறார். கடைக்காரரும் சீட்டுக் கேளாமல், பில்லும் போடாமல் ஐந்தைக் கத்தரித்துக் கொடுக்கிறார். கத்தரித்த துண்டில் மருந்தின் பெயரும் இல்லை, காலாவதித் தேதியும் இல்லை.

அது பல சமயங்களில் பிரீகாபலின் அல்லது காபாபென்டின். கூடவே மெத்தில்கோபாலமின் என்ற பி-12 வைட்டமினும் சேர்ந்திருப்பதால், அதைச் சத்து மாத்திரை என்றே ஜனங்கள் நம்பிவிடுகிறார்கள். உண்மையில் அது நரம்பின் இயக்கத்திலேயே தலையிடும் ஔஷதம். வலியின் செய்தி நரம்பு வழியே முதுகுத்தண்டை எட்டும்போது, நரம்பு முனையிலுள்ள நுண்ணிய வாயில்கள் திறந்து கால்சியம் உள்ளே பாய்கிறது. அவ்வாறு பாய்ந்தால்தான் அடுத்த நரம்புக்குச் செய்தி தாவும். அடிபட்ட நரம்பில் இவ்வாயில்களின் ஆல்பா-2-டெல்டா என்னும் துணைப்பகுதி பெருகுவதால், காயம் ஆறிய பின்னும் வலி ஓய்வதில்லை. அத்துணைப்பகுதியைப் பற்றி நின்று பாய்ச்சலைத் தணிப்பதே இம்மருந்துகளின் வேலை. இதைக் கேட்டுப் பாலையும் கேழ்வரகையும் யாரும் நிறுத்திவிட வேண்டாம்; உணவிலுள்ள கால்சியத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஆழிப்பேரலை நம் கரையைத் தாக்கிய அதே 2004 டிசம்பரின் இறுதி நாட்களில், பிரீகாபலினுக்கும், கூம்புச் சங்கின் நஞ்சிலிருந்து பிறந்த சிகோனோடைடுக்கும் அமெரிக்கா அனுமதி வழங்கியது. பிலிப்பைன்ஸில் பிறந்த விஞ்ஞானி பால்டொமெரோ ஒலிவேராவின் ஆய்வுக்கூடத்தில் கண்டறியப்பட்ட அந்நஞ்சு, கால்சியம் வாயிலையே அடைத்துவிடும். ஆயினும் முதுகுத்தண்டு நீருக்குள் பம்பு வைத்துச் செலுத்த வேண்டியிருப்பதால், வேறெதுவும் பலிக்காத கடும் வலிக்கே அது உரியது.

சர்க்கரை வியாதியால் பாதம் எரிதல், அக்கிக்குப் பின் வரும் எரிச்சல் போன்ற நரம்பு வலிகளில் பிரீகாபலினின் பிரயோஜனம் நிரூபணமானது. மூட்டை தூக்கியதால் வந்த இடுப்புப் பிடிப்புக்கு அதே நம்பிக்கையோடு அதை விழுங்குவது வீண். காலுக்கு இறங்கும் சயாடிகா வலியுள்ள 209 பேரிடம் ஆஸ்திரேலியாவில் நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆய்வில்கூட, வெறும் போலி மாத்திரையைவிட அது மேலாக வேலை செய்யவில்லை. தலைச்சுற்றல் மட்டும் மிகுந்தது.

தலைச்சுற்றலும் மயக்கமும் வீட்டில் படுத்திருப்பவருக்குச் சிறு உபாதையாக இருக்கலாம்; கிரேனின் மேலிருப்பவருக்கும், நள்ளிரவில் டிரெய்லர் ஓட்டுபவருக்கும், அலையில் ஆடும் விசைப்படகின் விளிம்பில் நிற்பவருக்கும் அதுவே பிராணாபத்து. இம்மருந்துகள் மதுவோடும், போதைக்காக வடசென்னை இளைஞர்களிடம் கள்ளத்தனமாக விற்கப்படும் டபென்டடால் போன்ற மாத்திரைகளோடும் சேர்ந்தால் மூச்சே தாழ்ந்துபோகக்கூடும் என்பதால், 2019 டிசம்பரில் அமெரிக்க மருந்துத் துறை விசேஷ எச்சரிக்கை விடுத்தது. சிறுநீரகம் பழுதானவருக்கு அளவைக் குறைத்தே தர வேண்டும். பல நாள் உண்டவர் திடீரென நிறுத்தாமல், மருத்துவர் சொற்படி படிப்படியாகவே குறைக்க வேண்டும்.

மருத்துவரின் சீட்டின்றி இந்த நரம்பு மாத்திரைகளை விற்பது சட்டவிரோதம். பதிவுபெற்ற மருந்தாளுநரின் கையால் பெறவும், பில் கேட்கவும், பெயரும் தேதியும் உள்ள அட்டைப்பகுதியைக் கேட்டு வாங்கவும் நமக்குப் பூரண உரிமையுண்டு. மறுத்தால் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு எழுதலாம். மருந்தால் விளைந்த தீங்கை 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் எவரும் தெரிவிக்கலாம்.

இதனினும் பெரிய உரிமை வேலையிடத்தைச் சார்ந்தது. இ.எஸ்.ஐ. சட்டத்துக்கு உட்பட்ட நிறுவனத்தில் மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுபவருக்கு, ஒப்பந்தத் தொழிலாளியாயினும், அக்காப்பீடு உண்டு. நோயால் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு, ஆண்டில் 91 நாள் வரை, ஊதியத்தில் 70 சதவீதமும், வேலையில் நேர்ந்த காயத்தால் தற்காலிகமாக முடங்கினால் 90 சதவீதமும் கிடைக்கும். அக்காப்பீட்டில் தொழிலாளியைப் பதிவு செய்யாத கான்டிராக்டரின் அலட்சியமே, ஓய்வெடுக்க வேண்டிய உடம்பை ஐந்து மாத்திரையோடு மறுநாளும் வேலைக்கு இழுத்துச் செல்கிறது என்று துணிந்து சொல்வேன். காப்பீடில்லாதவர்க்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கட்டணமின்றிச் சிகிச்சை உண்டு. போகும்போது, இதுவரை உண்ட மாத்திரைகளின் அட்டைகளையும், சர்க்கரை, சிறுநீரகப் பரிசோதனைச் சீட்டுகளையும் எடுத்துச் சென்று, தாம் ஓட்டும் வண்டி அல்லது இயந்திரம் இன்னதென்று மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.