பாட்டுக்குப் பின் வந்த கேள்வி

பாட்டுப் போட்டி ஒன்றில் நடுவர் என்ன கேட்பார்? சுருதி ஏன் விலகியது, இந்தப் பாட்டை ஏன் தெரிந்தீர்கள் என்று கேட்பார். 2019ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் உக்ரேன் நாட்டில் நடந்த போட்டியொன்றில், பாடி முடித்து மேடையில் நின்ற இளம் பாடகி ஒருவரிடம் நடுவர் கேட்டது இவை எதுவுமல்ல. "கிரிமியா உக்ரேனுடையதா?" என்பதே அந்தக் கேள்வி. முழு நாடும் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தது. "ஆம்" என்றார் பாடகி. ஆனால் அந்த ஒரு சொல்லோடு விடயம் முடிந்துவிடவில்லை.

ஐரோப்பிய நாடுகள் ஆண்டுதோறும் யூரோவிஷன் என்ற பாட்டுப் போட்டியை நடத்துகின்றன. நாட்டுக்கு ஒரு பாட்டு மட்டுமே அனுப்பலாம். அதைத் தெரிவு செய்யப் பல நாடுகள் உள்நாட்டிலேயே ஒரு போட்டி வைக்கின்றன. மேடையில் பாடுபவர் தமக்காக மட்டுமன்றி நாட்டின் பெயராலும் பாடுகிறார். எனவே நாடு கொதிக்கும் காலத்தில் அந்தக் கொதிப்பு மேடைக்கும் வந்து சேர்கிறது.

உக்ரேனில் இது 2004இலேயே தெரிந்தது. அவ்வாண்டு நவம்பரில் நடந்த ஜனாதிபதித் தேர்தலில் மோசடி நடந்ததென்று கூறி, மக்கள் இலட்சக்கணக்கில் கியேவ் நகரின் சுதந்திரச் சதுக்கத்தில் கூடினர். கடுங்குளிரில் கூடாரமடித்துத் தங்கினர். இதுவே செம்மஞ்சள் புரட்சி எனப்பட்டது. அவ்வாண்டு மே மாதம் யூரோவிஷனில் வென்றிருந்த பாடகி ருஸ்லானாவும் உண்ணாவிரதமிருந்து அப்போராட்டத்தில் கலந்துகொண்டார். உயர் நீதிமன்றம் தேர்தல் முடிவை இரத்துச் செய்ய, டிசம்பர் 26இல் மீண்டும் வாக்களிப்பு நடந்தது.

அதே மாதங்களில் பாட்டுத் தெரிவுப் போட்டியும் வாராவாரம் நடந்துகொண்டிருந்தது. 2005இன் தொடக்கத்தில் வந்த இறுதிச் சுற்றில் திடீர்த் திருப்பம் ஏற்பட்டது. முதற்சுற்றுகள் எதிலும் பாடாத கிரீன்ஜோலி என்ற குழு நேரடியாகச் சேர்க்கப்பட்டது. சதுக்கத்தில் மக்கள் பாடிய போராட்டப் பாட்டு அவர்களுடையதே. அவர்கள் வென்றனர். வெல்வார் என்று பலரும் எதிர்பார்த்த ஆனி லோராக் இரண்டாமிடம் பெற்றார். தேர்தல் காலத்தில் மறுதரப்பு வேட்பாளருக்காகப் பாடியவர் அவர். வென்ற பாட்டிலும் அரசியல் வரிகளை மாற்றிய பின்னரே யூரோவிஷன் மேடையில் பாட முடிந்தது. மக்கள் பாட்டுக்கு வாக்களித்தார்களா, போராட்டத்துக்கு வாக்களித்தார்களா? இரண்டையும் பிரிக்க முடியாத காலம் அது.

பத்தாண்டுகள் கழித்துக் காயம் இன்னும் ஆழமாயிற்று. 2014இல் ரஷ்யா கிரிமியாவைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. கிழக்கு உக்ரேனில் போர் மூண்டது. 2019இன் தொடக்கம் வரை சுமார் 13,000 பேர் இறந்தனர் என்பது ஐக்கிய நாடுகள் சபையின் கணக்கு. 2019இல் அந்தக் கேள்வியைக் கேட்ட நடுவர் ஜமாலா. அவரும் ஒரு பாடகிதான்; கிரிமியத் தாத்தார் இனத்தவர். 1944 மே மாதம் ஸ்டாலினின் உத்தரவால் சுமார் 190,000 தாத்தார்கள் ரயில் பெட்டிகளில் அடைத்து மத்திய ஆசியாவுக்கு நாடு கடத்தப்பட்டனர். ஜமாலாவின் பூட்டி தன் பிள்ளைகளோடு அந்த ரயிலில் ஏற்றப்பட்டவர். வழியில் ஒரு மகளைப் பறிகொடுத்தார். அந்தத் துயரைப் பாடியே ஜமாலா 2016இல் யூரோவிஷனில் வென்றார். கிரிமியா அவருக்கு வரைபடத்தில் ஓரிடம் அல்ல. அந்தக் கேள்வியின் பின்னால் அவரது பூட்டியின் கண்ணீர் இருந்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

கேள்விக்கு முகங்கொடுத்த பாடகியின் மேடைப் பெயர் மரூவ். ரஷ்யாவிலும் அவருக்கு இரசிகர்கள் இருந்தனர். ஏப்ரலில் மொஸ்கோவில் இசை நிகழ்ச்சி நடத்தவும் ஒப்புக்கொண்டிருந்தார். அதே இறுதிச் சுற்றில் அன்னா, மரியா என்ற இரட்டைச் சகோதரிகளும் பாடினர். அவர்களின் தாய் கிரிமியாவில் ரஷ்யா அமைத்த நிர்வாகத்தில் அப்போது பதவி வகித்தவர். ஆகவே அவர்களிடம் தாயைப் பற்றிய கேள்விகள் எழுந்தன. பெற்ற தாயா, பிறந்த நாடா என்பதே அவற்றின் சாரம்.

போட்டியில் வென்றவர் மரூவ். பொது ஒலிபரப்பு நிறுவனம் அவர் முன் ஓர் ஒப்பந்தத்தை வைத்தது. ரஷ்யாவில் பாடக்கூடாது, அனுமதியின்றி ஊடகங்களோடு பேசக்கூடாது, மீறினால் பெருந்தொகை அபராதம் என்பன அதன் நிபந்தனைகளில் சில. நாட்டை நேசிப்பதாகவும், ஆனால் அரசியல்வாதிகளின் சுலோகங்களைச் சொல்லப் போகத் தயாரில்லை என்றும் கூறி அவர் கையெழுத்திட மறுத்தார். ஜனாதிபதித் தேர்தலுக்கு ஒரு மாதமே இருந்தது என்பதும் கவனத்திற்குரியது. இரண்டாமிடம் பெற்ற ஃபிரீடம் ஜாஸ் என்ற பெண்கள் குழுவும், மூன்றாமிடம் பெற்ற கஸ்கா குழுவும் அவருக்குப் பதிலாகப் போக மறுத்துவிட்டன. பெப்ரவரி 27இல் உக்ரேன் அவ்வாண்டுப் போட்டியிலிருந்தே விலகியது.

சமூகவியல் படித்த நாட்களில் நிரா யுவால்-டேவிஸ் 1997இல் எழுதிய நூலொன்றை வாசித்தேன். ஒரு சமூகம் தன் எல்லைகளைப் பெண்களின் மீதே வரைகிறது, அவர்களையே அந்த எல்லையின் காவலராகவும் நிறுத்துகிறது என்பது அதில் வரும் கருத்து. அன்று பரீட்சைக்காகப் படித்தேன். விளங்கியது களப்பணியில்தான். இரு சமூகங்கள் கலந்து வாழும் கிராமமொன்றில் ஒரு பெண்ணைச் சந்தித்தேன். பிறந்த வீடு ஒரு சமூகம், புகுந்த வீடு மற்றச் சமூகம். கலவர நாட்களில் இரு பக்கத்தாரும் அவரிடம் கேட்டது ஒன்றுதான்: "நீ எந்தப் பக்கம் புள்ள?" "நான் என்னத்தச் சொல்ல மிஸ்? புள்ளைகளுக்குச் சோறாக்கப் போயிட்டன்" என்றார். அவரது கணவரிடம் அப்படி யாரும் கேட்கவில்லை. இரட்டைச் சகோதரிகளின் கதையை அறிந்தபோது எனக்கு அவர் முகமே நினைவுக்கு வந்தது.

போர் நடக்கும் நாட்டில், படையெடுத்த நாட்டில் பாடிப் பணம் பெறுவது சரியா என்ற கேள்வி நியாயமானது. பிள்ளையைப் போர்முனையில் இழந்த தாய் அதைக் கேட்கவே செய்வாள். என் மறுப்பு கேள்வியைப் பற்றியதல்ல. அது கேட்கப்பட்ட இடத்தையும் விதத்தையும் பற்றியது. விதி இருந்தால் அதைப் போட்டிக்கு முன் எல்லாருக்கும் பொதுவாக அறிவிக்கலாம். பாடி முடித்த பெண்ணை ஒளிவெள்ளத்தில் நிறுத்தி ஒரு சொல்லில் விசுவாசத்தை நிரூபிக்கச் சொல்வது விசாரணை, தெரிவு அல்ல.

பின்னர் விதிகள் எழுதப்பட்டன. 2014 மார்ச் மாதத்தின் பின் ரஷ்யாவில் பாடியவர்களும், ரஷ்யா வழியாகக் கிரிமியா சென்றவர்களும் பங்குபற்ற முடியாதென ஆயிற்று. ஆனாலும் 2022 பெப்ரவரி 12இல் வென்ற அலினா பாஷ் 2015இல் கிரிமியா சென்ற விதம் சர்ச்சையாயிற்று. அவர் தரப்பு காட்டிய சான்றிதழைத் தாம் வழங்கவில்லை என எல்லைக் காவற்றுறை கூறியது. நான்கு நாட்களில் அவர் விலகினார். இரண்டாமிடம் பெற்ற கலுஷ் ஒர்கெஸ்ட்ரா அவ்விடத்துக்கு வந்தது. பெப்ரவரி 24இல் ரஷ்யா முழு உக்ரேன் மீதும் படையெடுத்தது. ஜமாலா தன் இரு குழந்தைகளோடு எல்லை கடந்து துருக்கிக்குப் போனார். பூட்டியின் பயணம் நான்காம் தலைமுறையில் திரும்பி வந்தது போலாயிற்று.

அந்த மே மாதம் இத்தாலியின் டூரின் நகரில் கலுஷ் ஒர்கெஸ்ட்ரா 631 புள்ளிகள் பெற்று வென்றது. அவர்களின் பாட்டு போருக்கு முன் எழுதப்பட்டது. குழுவின் முதன்மைப் பாடகர் தன் தாயைப் பற்றி எழுதியது. போர் வந்ததும் மக்கள் அதைத் தாய்நாட்டின் பாட்டாகக் கேட்டனர். தாயா நாடா என்று மூன்றாண்டுகளுக்கு முன் இரு மகள்மாரைக் கேட்ட மேடை, தாயைப் பாடிய மகனின் பாட்டில் நாட்டையே கண்டது.

வாசகியரே, நம் வீட்டிலும் ஊரிலும் ஒரு பெண்ணிடம் "நீ எந்தப் பக்கம்?" என்ற கேள்வி எழுகையில், சற்று நிதானிப்போம். பதில் சொல்ல முடியாமல் நிற்பவளைத் துரோகி என்று எண்ண அவசரப்பட வேண்டாம். இரு பக்கமும் அவளுக்கு உறவிருக்கலாம். அவள் சொல்ல வருவதை முழுவதுமாகக் கேட்ட பின் தீர்ப்பைப் பற்றி யோசிப்போம்.