ஆய்வுக்குப் படிப்பதும் படித்ததைத் தொகுப்பதும்

நமது சங்கக் குடும்பங்களில் பிள்ளைகள் முன்பெல்லாம் பி.காம்., பி.எஸ்ஸி. முடித்த கையோடு வங்கித் தேர்வு எழுதப் போய்விடுவார்கள். இப்போது பலர் எம்.ஏ., எம்.எஸ்ஸி., அதற்கு மேலும் படிக்கிறார்கள். கடைசி வருடத்தில் சிறிய ஆராய்ச்சி ஒன்று செய்து கட்டுரை கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கட்டுரையின் இரண்டாவது அத்தியாயத்தில்தான் பெரும்பாலோர் மாட்டிக்கொள்கிறார்கள். ‘லிட்டரேச்சர் ரிவ்யூ’ என்று அதற்குப் பெயர். கதை, கவிதை இலக்கியத்துக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. நாம் எடுத்துக்கொண்ட கேள்வியைப் பற்றி நமக்கு முன்னால் யார் யார் என்ன கண்டார்கள், எதில் ஒத்துப்போகிறார்கள், எதில் மாறுபடுகிறார்கள், எது பாக்கி நிற்கிறது என்று சொல்வதே அது. முன்னாய்வு மதிப்பீடு என்று தமிழில் சொல்லலாம்.

நான் பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமா படித்து, ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் 38 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். ஆராய்ச்சிப் பட்டம் ஏதும் கிடையாது. ‘இந்த விஷயத்தில் உமக்கு என்னய்யா வேலை?’ என்று அன்பர்கள் கேட்கலாம். நம் சங்க உறுப்பினர் ஒருவரின் மகள் இங்கே நாக்பூரில் எம்.ஏ. வரலாறு படிக்கிறாள். அவள் எடுத்துக்கொண்ட கேள்வி, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரயில் பாதை வந்தது பஞ்சத்தைத் தணித்ததா, அதிகப்படுத்தியதா என்பது. ‘ரயில் என்றால் மாமாவைக் கேள்’ என்று அவள் அப்பா என்னிடம் அனுப்பிவிட்டார்.

அவள் கொண்டுவந்த அத்தியாயத்தில் 43 நூல்களும் கட்டுரைகளும் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி. இன்னார் இந்த வருடத்தில் இப்படிச் சொன்னார், அடுத்தவர் அந்த வருடத்தில் அப்படிச் சொன்னார் என்று ரேஷன் கடை வரிசை மாதிரி போய்க்கொண்டே இருந்தது. அவளுடைய கைடு ஓரத்தில், ‘இது பட்டியல், மதிப்பீடு அல்ல’ என்று எழுதித் திருப்பிக் கொடுத்திருந்தார். சமர்ப்பிக்க ஆறு வாரம்தான் இருந்தது.

முதல் வேலையாக 43-ஐக் குறைத்தோம். “இதில் நீ கையில் எடுத்துப் படித்தது எத்தனை?” என்று கேட்டேன். பதினொன்று என்றாள். மற்றவை பிறர் எழுதியதில் கண்ட பெயர்கள். சில, கம்ப்யூட்டரில் கேள்வி கேட்டால் பதில் எழுதிக் கொடுக்கிறதே, அது கொடுத்தவை. அவற்றில் இரண்டு எந்த நூலகப் பட்டியலிலும் இல்லை. ஆசிரியர் பெயர், வருடம், பத்திரிகையின் பெயர் எல்லாம் பார்க்கக் கச்சிதமாக இருந்தன, அப்படி ஒரு கட்டுரைதான் உலகத்தில் இல்லை. அந்த யந்திரத்துக்குச் சரளமாக எழுதத் தெரியும். எழுதியது உண்மையா என்று பார்ப்பது நம் பொறுப்பு. கண்ணால் பார்க்காத புத்தகத்தைப் பட்டியலில் சேர்ப்பதில்லை என்று முடிவு செய்தோம். 2018-ல் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த விதிகளின்படி, பிறர் எழுத்தோடு ஒத்துப்போவது 10 சதவீதத்தைத் தாண்டினாலே கேள்வி வரும். கைடுகள் இதில் கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு.

அடுத்தது, எதை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்பது. இங்கேதான் என் பழைய உத்தியோகம் கைகொடுத்தது. ஒரு வண்டி தடம் புரண்டால், தண்டவாளத்துக்காரர், எஞ்சின்காரர், பெட்டிகளைப் பராமரிப்பவர் மூவரும் சேர்ந்து அந்த இடத்திலேயே கூட்டுக் குறிப்பு எழுத வேண்டும். மூவருக்கும் மூன்று அபிப்பிராயம் இருக்கும். தண்டவாளத்துக்காரருக்குச் சக்கரத்தின் மேல் சந்தேகம், பெட்டிக்காரருக்குத் தண்டவாளத்தின் மேல் சந்தேகம். ஆனால் இரண்டு தண்டவாளங்களுக்கு இடையே உள்ள அகலம், ஒன்றுக்கொன்று உயர வித்தியாசம், சக்கர விளிம்பின் தேய்மானம் ஆகியவற்றை மூவரும் சேர்ந்தே அளந்து, சேர்ந்தே கையெழுத்துப் போடுவார்கள். விசாரணை அதிகாரி முதலில் அளவுகளைப் பார்ப்பார், அபிப்பிராயங்களை அப்புறம்தான் படிப்பார்.

“உன் ஆசிரியர்கள் ஒவ்வொருவரும் எதை அளந்தார்கள்?” என்று கேட்டேன். “அளந்ததா மாமா? இது வரலாறு ஆச்சே” என்றாள். வரலாற்றிலும் ஒவ்வொருவரும் ஏதோ ஒன்றைத்தான் பார்த்துவிட்டுப் பேசுகிறார்கள். ஒருவர் விலையைப் பார்க்கிறார், ஒருவர் சாவுக் கணக்கை, ஒருவர் கூலியை, ஒருவர் ஏற்றுமதியை.

பழைய தினசரி காலண்டர் அட்டை ஒன்றின் பின்பக்கத்தில் கட்டம் போட்டோம். யார், எந்த வருடம் எழுதியது, எந்தப் பகுதி, எந்தக் காலம், எதை அளந்தார், முடிவு என்ன, எதைத் தொடவில்லை என்று ஏழு கட்டம். எழுதியவர் எந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுதினார் என்று எட்டாவதாக ஒன்றையும் நான் சேர்க்கச் சொன்னேன்.

அந்த எட்டாவது கட்டம் நல்ல பலன் கொடுத்தது. 1880-ல் வந்த பஞ்சக் கமிஷன் அறிக்கை, நாட்டைப் பஞ்சத்திலிருந்து காக்க 20,000 மைல் ரயில் பாதை வேண்டும் என்றது. அதன் தலைவர் சர் ரிச்சர்டு ஸ்ட்ரேச்சி பொதுப்பணித் துறையில் பெரிய பதவியில் இருந்தவர். 1889-ல் ஈஸ்ட் இந்தியன் ரயில்வே கம்பெனிக்கே தலைவரானார். எதிர்ப்பக்கத்தில் சர் ஆர்தர் காட்டன். கோதாவரி அணையைக் கட்டியவர், கொள்ளிடத்தில் மேலணை கட்டியவர், நம்மவர்கள் நன்கு அறிந்த பெயர். ரயிலுக்குக் கொட்டுகிற பணத்தைக் கால்வாய்க்குக் கொடு, பாசனமும் ஆகும், படகும் போகும் என்று கடைசி வரை வாதாடியவர். வில்லியம் டிக்பி 1878-ல் இரண்டு பாகமாக எழுதிய புத்தகத்தில் மெட்ராஸ் பஞ்சத்தின் கோரம் அப்படியே இருக்கிறது. அவர் ‘மெட்ராஸ் டைம்ஸ்’ ஆசிரியர், பஞ்ச நிவாரண நிதிக் குழுவின் கௌரவச் செயலாளரும்கூட. ரமேஷ் சந்திர தத் ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்து வெளியே வந்து, 1899-ல் காங்கிரஸ் தலைவரானவர். நில வரிச் சுமையும் பாசனத்தைப் புறக்கணித்ததும்தான் பஞ்சத்தை முற்றவைத்தன என்றவர். காந்திஜி 1909-ல் ‘ஹிந்த் ஸ்வராஜ்’ எழுதியபோது, ரயில் வந்ததால் ஜனங்கள் தானியத்தை விலை அதிகமுள்ள சந்தைக்கு அனுப்பிவிடுகிறார்கள், அதனால் பஞ்சம் அதிகமாகிறது என்றார்.

நாற்காலி தெரிந்துவிட்டதால் இவர்கள் சொன்னது பொய் என்று ஆகிவிடாது. எதை எவ்வளவு எடை போட்டு வாங்குவது என்பதற்கு அது உதவும். எனக்கும் ஒரு நாற்காலி உண்டு அல்லவா? 38 வருடம் ரயில்வே சோறு சாப்பிட்டவன். ரயில் நல்லதே செய்தது என்று முடிய வேண்டும் என்றுதான் மனசு ஆசைப்படும். “நான் ரயிலுக்குப் பரிந்து பேசினால் உடனே நிறுத்திவிடு” என்று அவளிடம் சொல்லி வைத்தேன். அவளும் இரண்டு மூன்று தடவை நிறுத்தினாள்.

பிற்கால ஆராய்ச்சியாளர்களிடம் வந்தபோதுதான் கட்டம் பேசத் தொடங்கியது. ஜான் ஹர்டு 1975-ல் எழுதிய கட்டுரை தானிய விலைகளைப் பார்க்கிறது. ரயில் பரவப் பரவ மாவட்டத்துக்கு மாவட்டம் இருந்த விலை வித்தியாசம் குறைந்தது என்கிறது. மிஷெல் மெக்ஆல்பின் 1983-ல் வெளியிட்ட நூல் மேற்கு இந்தியாவைப் பற்றியது. ரயிலும் அரசு நிவாரணமும் சேர்ந்து பஞ்சத்தின் பிடியைத் தளர்த்தின என்பது அவர் பக்கம். அமர்த்தியா சென் 1981-ல் வேறு கேள்வி கேட்டார். ஊரில் தானியம் இருந்தும் கூலிக்காரன் ஏன் பட்டினியால் சாகிறான்? வாங்கக் கையில் காசோ உரிமையோ இல்லாததால். 1943 வங்காளப் பஞ்சம் அவருக்கு முக்கியமான உதாரணம். மைக் டேவிஸ் 2001-ல் எழுதிய நூல், ரயிலும் சந்தையும் ஏழையின் தானியத்தை வெளியே இழுத்துக்கொண்டு போன கதையைச் சொல்கிறது. ராபின் பர்ஜஸ், டேவ் டொனால்ட்சன் இருவரும் 2010-ல் மழைக் குறைவையும் பஞ்சச் சாவையும் மாவட்ட வாரியாகச் சேர்த்துப் பார்த்தார்கள். ரயில் வந்த இடத்தில், மழை பொய்த்தாலும் சாவு முன்பு போல் ஏறவில்லை என்பது அவர்கள் கண்டது.

டொனால்ட்சன் தனியாக எழுதி 2018-ல் வெளியான கட்டுரையில் ஒரு நல்ல யுக்தி இருக்கிறது. உப்பு சில குறிப்பிட்ட இடங்களில்தான் விளையும். ஆகவே உப்பு விளையும் இடத்து விலைக்கும் தூரத்து ஊர் விலைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தாலே, சரக்கை எடுத்துப் போக எவ்வளவு செலவாயிற்று என்று தெரிந்துவிடும். படித்துவிட்டு நான் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பொருளாதாரக்காரர்களிலும் நல்ல எஞ்சினியர்கள் இருக்கிறார்கள்.

இப்போது அட்டையில் ‘முடிவு’ என்ற கட்டத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, ‘எதை அளந்தார்’ என்ற கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழே படிக்கச் சொன்னேன். பாதியிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. “இவங்க சண்டையே போடலையே மாமா, ஒருத்தர் விலையைப் பேசறார், ஒருத்தர் காசைப் பேசறார்!” விலை வித்தியாசம் குறைந்தது என்பதும், கூலிக்காரனிடம் அந்த விலைக்கு வாங்கக் காசில்லை என்பதும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்கலாம். உள்ளூரில் விலை ஏறாமல் ரயில் தடுத்த வருடமும் உண்டு, உள்ளூர்த் தானியத்தைத் துறைமுகத்துக்கு ஏற்றிய வருடமும் உண்டு. நிஜமான சண்டை ஒன்றிரண்டு இடத்தில்தான் இருந்தது. சாவுக் கணக்கு அதில் ஒன்று.

1876-78 பஞ்சத்தில் இறந்தவர்கள் எத்தனை பேர்? பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிக்கு மட்டும் 55 லட்சம் என்று ஒரு கணக்கு. டேவிஸ் எடுத்துக் காட்டும் மதிப்பீடுகள் 61 லட்சத்தில் தொடங்கி 1 கோடியே 3 லட்சம் வரை போகின்றன. மாணவர்கள் தங்களுக்குப் பிடித்த எண்ணை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்யக் கூடாது. எந்த எல்லை, எந்த வருடங்கள், சமஸ்தானங்கள் சேர்த்தியா இல்லையா, பதிவான சாவா, ஜனத்தொகைக் கணக்கிலிருந்து கழித்துப் பார்த்ததா என்று பக்கத்தில் எழுத வேண்டும். அதற்குப் பிறகு எண்களின் வித்தியாசம் அவ்வளவு பயமுறுத்தாது.

அத்தியாயத்தை அவள் திருப்பி எழுதினாள். முன்பு ஆளுக்கு ஒரு பத்தி, இப்போது கேள்விக்கு ஒரு பகுதி. விலையைப் பற்றி நமக்கு என்ன தெரியும், வாங்கும் சக்தியைப் பற்றி, ஏற்றுமதியைப் பற்றி, சாவைப் பற்றி என்று நான்கு பகுதிகள். ஒரே பத்தியில் ஹர்டும் சென்னும் அடுத்தடுத்து வந்தார்கள். ‘ரயில் வந்தபின் விலைகள் நெருங்கி வந்தன என்று ஹர்டு காட்டுகிறார். ஆனால் நெருங்கி வந்த விலைக்கு வாங்க முடியாதவர்களைப் பற்றி விலைப் பட்டியல் எதுவும் சொல்லாது. சென்னின் கேள்வி இங்கிருந்து தொடங்குகிறது’ என்பதுபோல. 43 போய் 19 நின்றது. புதிதாக எடுக்கும் கட்டுரைகளில் ஏற்கெனவே பார்த்த பெயர்களே திரும்பத் திரும்ப வர ஆரம்பித்தால், தேடியது போதும் என்று அர்த்தம்.

மீதி இருந்தது ‘எது பாக்கி’ என்ற பகுதி. இங்கே நான் கொஞ்சம் வாய் கொடுத்தேன். கமிஷன் கேட்ட 20,000 மைல் 1900-க்குள் தாண்டியாகிவிட்டது. ஆனாலும் 1896-97, 1899-1900 பஞ்சங்களில் லட்சக்கணக்கில் ஜனங்கள் மடிந்தார்கள். நாம் இருக்கும் இந்த மத்திய மாகாணமும் அதில் அடிபட்டது. நாக்பூருக்கு 1867-லேயே பம்பாயிலிருந்து ரயில் வந்துவிட்டது. 1891-ல் வங்காளப் பக்கமும் இணைப்புக் கிடைத்தது. நர்மதைப் பள்ளத்தாக்கின் கோதுமை ரயிலேறிப் பம்பாய் வழியாகக் கப்பலுக்குப் போனதும் இந்தக் காலத்தில்தான். வரைபடத்தில் கோடு இருந்தால் மட்டும் போதாது. ஒற்றைப் பாதையில் ஒரு நாளைக்கு எத்தனை வண்டி ஓட்ட முடியும், எத்தனை வேகன் கையிருப்பு, ஸ்டேஷனில் இறக்கிய மூட்டையைக் கிராமத்துக்கு இழுக்க மாடு உயிரோடு இருந்ததா? மெட்ராஸ் பஞ்சத்தில் மாடுகளும் செத்துக்கொண்டிருந்தன. அவள் தன் கேள்வியைச் சுருக்கி, ஸ்டேஷனிலிருந்து தூரத்தில் இருந்த கிராமங்களுக்கு ரயில் என்ன செய்தது என்று மாற்றிக்கொண்டாள். கைடு அதை ஒப்புக்கொண்டுவிட்டார்.

பிள்ளைகள் இதற்கெல்லாம் ஊர் ஊராக அலைய வேண்டியதில்லை. பழைய ஆங்கிலப் புத்தகங்கள் பல இன்டர்நெட் ஆர்க்கைவில் முழுசாகக் கிடைக்கின்றன. இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் ‘ஷோத்கங்கா’வில் இருக்கின்றன. டில்லி தேசிய ஆவணக் காப்பகத்தின் கோப்புகளை ‘அபிலேக் படல்’ என்ற தளத்தில் தேடலாம். கூகுள் ஸ்காலரில் ஒரு கட்டுரையைப் பார்த்தால், அதை அப்புறம் யார் யார் எடுத்தாண்டார்கள், யார் மறுத்தார்கள் என்பதும் தெரியும். இந்தக் கடைசி வசதியைப் பிள்ளைகள் அதிகம் பயன்படுத்துவதில்லை.

இன்னொரு மூலமும் உண்டு. 1876-ல் தொடங்கிய அந்தப் பஞ்சத்தைத் தமிழ்நாட்டில் தாது வருஷப் பஞ்சம் என்றார்கள். அதைப் பற்றிக் கும்மிப் பாட்டுகள் கட்டி அச்சிட்டும் இருக்கிறார்கள். விலைவாசி, கூலி, ஊரைவிட்டுப் போனவர்கள் பற்றியெல்லாம் பஞ்சக் கும்மிகளில் வருகிறது. தமிழ் தெரியாத ஆராய்ச்சியாளர் இதைத் தொட முடியாது. இவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க எழுத்துக் கூட்ட வேண்டும். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பாட்டி உரக்கப் படிக்கிறார், இவள் பக்கத்தில் உட்கார்ந்து கட்டம் போட்டுக் குறித்துக்கொள்கிறாள். எட்டாவது கட்டத்தில், பாட்டுக் கட்டியவர் யார் என்ற இடம் மட்டும் இன்னும் காலியாக இருக்கிறது.