கீழாநெல்லிக்கு ஒரு சோதனை

மஞ்சட்காமாலை என்ற சொல் காதில் விழுந்ததும் நம்மவர் வீடுகளில் அடுத்து எழும் சொல் கீழாநெல்லிதான். ஊரை விட்டு எத்தனையோ மைல் வந்து குடியேறியும் இவ்வழக்கம் நம்மை விட்டு அகலவில்லை. இலைக்கு அடியில் வரிசையாய்க் காய் தொங்கும் அச்சிறு பூண்டை அரைத்து மோரில் கலந்து கொடுக்கிறோம். சில வாரங்களில் கண்ணின் மஞ்சள் நீங்குகிறது. ஆகவே மருந்து பலித்தது என்கிறோம்.

ஆனால் தண்ணீராலும் உணவாலும் பரவும் ‘ஏ’, ‘ஈ’ வகைக் காமாலைகள் பெரும்பாலோருக்குத் தாமாகவே தணிபவை. மருந்துண்டவரும் தேறுவர், உண்ணாதவரும் தேறுவர். இருவரையும் அருகருகே வைத்துப் பார்த்தாலன்றி மூலிகையின் பங்கைக் கணக்கிட இயலாது.

ஆய்வுக்கூடங்களில் எலிகளுக்குக் கார்பன் டெட்ராகுளோரைடு என்னும் நஞ்சைக் கொடுப்பர். ஈரலின் உயிரணுக்கள் சிதைந்து, அவற்றிலுள்ள என்சைம்கள் இரத்தத்தில் கசியும். டாக்டர் சீட்டில் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்று காண்பவை இவையே. மூலிகை பெற்ற எலிகளிடம் கசிவு குறைந்தால், அது ஈரலைக் காப்பதாகக் கொள்வர். கீழாநெல்லி, கரிசலாங்கண்ணி, நிலவேம்பு மூன்றும் இத்தகைய சோதனைகளில் நற்பெயர் பெற்றவை. எனினும் இதில் ஒரு நுட்பம் உண்டு. அந்நஞ்சை ஈரலே மாற்றிக் கொடியதாக்குகிறது; அம்மாற்றத்தைத் தடுக்கும் எப்பொருளும் எலியைக் காத்ததாகவே தோன்றும். மேலும் பல சோதனைகளில் மூலிகையை நஞ்சுக்கு முன்னரே கொடுத்துவிடுகின்றனர். நோயாளியோ நோய் வந்த பின்னரன்றோ மருந்தைத் தேடுகிறான்!

மனிதரிடம் செய்த சோதனைகளில் புகழ்பெற்றது சென்னையில் நடந்தது. இரத்தத்தாலும், பிரசவத்தில் தாயிடமிருந்து சேய்க்கும் பரவி, ஆண்டுக்கணக்கில் ஓசையின்றித் தங்கி, ஈரலைச் சுருக்கிப் புற்றுநோய் வரை கொண்டுபோகக் கூடியது ‘பி’ வகைக் கிருமி. அதனை உடலில் சுமந்தோருக்கு டாக்டர் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் 30 நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்தனர்; வேறு சிலருக்கு மருந்தற்ற போலிப் பொடி. அக்கிருமியைக் கண்டறிந்து 1976-இல் நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கும் இதில் பங்கு கொண்டார். 1988-இல் ‘லான்செட்’ இதழில் முடிவு வெளிவந்தது: மூலிகை உண்ட 37 பேரில் 22 பேரிடம் கிருமியின் அடையாளம் மறைந்திருந்தது, போலிப் பொடி உண்ட 23 பேரில் ஒருவரிடமே. தமிழர் நெஞ்சம் பூரித்ததில் வியப்பில்லை. ஆயினும் தாய்லாந்தில் செய்து 1990-இல் வெளியிட்ட சோதனையில் அப்பலன் கிட்டவில்லை.

செடியிலேயே வேறுபாடு இருந்திருக்கலாம் என்பாரும் உண்டு. கீழாநெல்லி என்று கடையில் விற்பவற்றுள் அதன் இனச் செடிகள் பலவும் கலந்திருப்பதுண்டு. சீட்டில் ஒரு பெயரும் மூட்டையில் வேறு சரக்கும் இருந்தால் என்ன தொல்லை என்பது சரக்கு ஆபீஸில் வேலை பார்ப்போருக்கு நன்கு தெரியும்.

ஆதலின் வீட்டில் எவருக்கேனும் கண் மஞ்சளித்தால், எந்த வகை என்பதை முதலில் இரத்தச் சோதனையால் அறிந்து கொள்ளுங்கள். ஊரிலிருந்து தருவித்த பொடியைக் கொடுப்பதாயின் டாக்டரிடம் மறைக்க வேண்டாம். நோயாளி பிதற்றினாலும், ஓயாது உறங்கினாலும், இரத்தம் கசிந்தாலும், அல்லது அவர் கர்ப்பிணியாயின், ஒரு நாளும் தாமதியாது ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். ‘பி’ வகைக்குத் தடுப்பூசி உண்டு. குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி போட வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் அதற்குக் கட்டணம் இல்லை.