பிடித்த பாட்காஸ்டுக்கு ஒரு டி-ஷர்ட் யோசனை

பாட்காஸ்ட் காதோடு முடிந்துபோகிற சமாச்சாரம். கையில் பிடிக்க எதுவும் கிடையாது. அதனாலோ என்னவோ, தீவிர ரசிகர்கள் ஒரு கட்டத்தில் "இதை ஒரு டி-ஷர்ட்டில் போடுங்களேன்" என்று நிகழ்ச்சி நடத்துபவர்களுக்கு எழுத ஆரம்பித்துவிடுகிறார்கள். டி-ஷர்ட், காபி மக், ஸ்டிக்கர், தொப்பி எல்லாவற்றுக்கும் சேர்த்து மெர்ச் என்று பெயர். ரசிகர்கள் அனுப்பும் யோசனைகளில் எது பொருளாகிறது, எது கடிதத்தோடு நின்றுவிடுகிறது?

நிகழ்ச்சியின் பெயரைப் பெரிதாக அச்சடிக்கச் சொல்ல ஒரு ரசிகர் தேவையில்லை. அது நடத்துபவர்களுக்கே தோன்றும். அவர்களுக்குத் தெரியாதது வேறு ஒன்று. போகிற போக்கில் தாங்கள் சொன்ன எந்த வார்த்தை கேட்பவர் மனதில் ஒட்டிக்கொண்டது என்பதைக் கேட்பவர்தான் சொல்ல முடியும்.

கேரன் கில்காரிஃப், ஜார்ஜியா ஹார்ட்ஸ்டார்க் என்ற இரு அமெரிக்கப் பெண்கள் 2016 ஜனவரியில் தொடங்கிய 'மை ஃபேவரிட் மர்டர்' கொலை வழக்குகளைச் சிரிப்போடு பேசும் நிகழ்ச்சி. "ஸ்டே செக்ஸி, டோன்ட் கெட் மர்டர்ட்" என்று சொல்லி முடிப்பார்கள். அதன் முதலெழுத்துகளான எஸ்.எஸ்.டி.ஜி.எம். ரசிகர்களுக்குள் வணக்கம் சொல்வது போலவே ஆகி, டி-ஷர்ட்டிலும் மக்கிலும் ஏறிவிட்டது. மற்றவர்களுக்கு அது வெறும் ஐந்து எழுத்து. விஷயம் தெரிந்தவர் ரயிலில் எதிர் சீட்டில் இருந்தால் பேச்சுத் தொடங்கிவிடும். மெர்ச்சின் வேலையே அதுதான் என்பேன்.

இதைவிட எனக்குப் பிடித்த கதை 'ஹலோ இன்டர்நெட்' நிகழ்ச்சியின் கொடி. யூடியூபில் பெயர் பெற்ற சி.ஜி.பி. கிரேயும் பிரேடி ஹாரனும் 2014-இல் தொடங்கிய நிகழ்ச்சி அது. இருவருக்கும் கொடிகளைப் பற்றித் தீராத பேச்சு. நிகழ்ச்சிக்கே ஒரு கொடி வேண்டும் என்றானதும் ஐந்து வடிவங்களைக் களத்தில் நிறுத்தித் தேர்தல் வைத்தார்கள். அதுவும் இணையத்தில் ஒரு பட்டனை அழுத்தும் தேர்தல் இல்லை. முதல் விருப்பம், இரண்டாவது விருப்பம் என்று வரிசைப்படுத்தித் தபாலில் அனுப்ப வேண்டும். வந்து குவிந்ததை இருவரும் உட்கார்ந்து எண்ணினார்கள். ஆணியும் பல்சக்கரமும் கொண்ட 'நெய்ல் அண்ட் கியர்' ஜெயித்தது. தோற்ற 'ஃபிளாகி ஃபிளாக்' கட்சிக்காரர்கள் அதற்குப் பிறகும் அடங்கவில்லை! கடைக்கு வந்தபோது அந்தக் கொடியை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தபால் தலை ஒட்டி வாக்களித்தவருக்கு அது ஏற்கனவே சொந்தக் கொடி.

நல்ல யோசனையும் அச்சகத்தில் சிக்கிக்கொள்ளும். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன் செய்ய வேண்டும் என்பதைத் திருப்பூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஏழு நிற ஓவியத்தை ஐம்பது சட்டையில் அடித்தால் விலை கட்டாது. ஆர்டர் வரவர ஒவ்வொன்றாக டிஜிட்டலில் அடித்து அனுப்பும் முறையில் சரக்கு தேங்காது, ஆனால் ஒரு சட்டைக்கு ஆகும் செலவு அதிகம். இன்னொரு தொல்லை அளவுகள்: ஸ்மாலிலிருந்து டிரிபிள் எக்ஸ்.எல். வரை எது எத்தனை போகும் என்று யாருக்குத் தெரியும்? மார்கோ ஆர்மென்ட், கேசி லிஸ், ஜான் சிராகூசா மூவரும் 2013 முதல் நடத்திவரும் 'ஆக்சிடென்டல் டெக் பாட்காஸ்ட்' கண்ட வழி, குறிப்பிட்ட தேதி வரை மட்டும் ஆர்டர் வாங்கி, வந்த கணக்குக்கு அச்சடிப்பது. தவறவிட்டவர்கள் முணுமுணுப்பார்கள், ஆனால் வீட்டில் விற்காத பெட்டிகள் கிடக்காது. ஸ்டிக்கருக்கு இந்த வம்பே இல்லை. அளவு கிடையாது, சாதாரண உறையில் போய்விடும்.

உரிமை விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். வெறும் யோசனைக்குக் காப்புரிமை கிடையாது. ஆனால் நீங்கள் வரைந்து அனுப்பிய படம் உங்களுடையது. இந்தியாவிலும் சரி, அமெரிக்காவிலும் சரி, அதன் உரிமையை இன்னொருவருக்கு மாற்றித் தருவதென்றால் எழுத்தில் தர வேண்டும். விவரம் தெரிந்த நிகழ்ச்சிக்காரர்கள் கேட்காமல் வரும் படங்களைத் தொடத் தயங்குவது இதனால்தான், அகங்காரத்தால் இல்லை. சினிமா பாத்திரத்தின் முகத்தையோ வேறு கம்பெனியின் லோகோவையோ சேர்த்து வரைந்திருந்தால் அது எப்படியும் அச்சுக்குப் போகாது.

ஆகவே எழுதுவதென்றால் சுருக்கமாக எழுதுங்கள்: எந்த எபிசோடில், எத்தனையாவது நிமிடத்தில் அந்த வாக்கியம் வருகிறது, அது எந்தப் பொருளில் நன்றாக இருக்கும். படம் வரைந்திருந்தால், பயன்படுத்தச் சம்மதம் உண்டா, பெயர் போட வேண்டுமா, பணம் எதிர்பார்க்கிறீர்களா என்று அதே கடிதத்தில் சொல்லிவிடுங்கள். அப்புறம், அந்தச் சட்டை நிஜமாகவே விற்பனைக்கு வந்தால் வாங்குங்கள். யோசனை சொன்னவரே வாங்காத மெர்ச்சை வேறு யார் வாங்குவார்கள்?