தீர்வுகள் எத்தனை?

ஒரு கணக்கிற்கு விடை காண்பது வேறு. விடை உண்டா, உண்டெனில் எத்தனை என்று முன்கூட்டியே அறிவது வேறு. ஒருபடிச் சமன்பாடுகளைப் பொறுத்தவரை இரண்டாவது வினாவிற்கும் தெளிவான மறுமொழி உண்டு. பூண்டுச் சந்தைக்குப் பெயர்பெற்ற நம் வடுகபட்டியையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். விலைகள் மட்டும் கற்பனை.

ஒருவர் 2 கிலோ மலைப்பூண்டும் 1 கிலோ வெளிமாநிலப் பூண்டும் ரூ. 750-க்கு வாங்குகிறார். மற்றொருவர் இரண்டிலும் ஒவ்வொரு கிலோ வாங்கி ரூ. 450 தருகிறார். கிலோ விலைகளை முறையே ம, வ என்க.

2ம + வ = 750
ம + வ = 450

முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் ம = 300; எனவே வ = 150. தீர்வு ஒன்றே ஒன்று.

இரண்டாமவர் 4 கிலோ மலைப்பூண்டும் 2 கிலோ வெளிமாநிலப் பூண்டும் ரூ. 1,500-க்கு வாங்கினார் எனில்? முதல் சீட்டின் இரு மடங்கே இது. சீட்டு இரண்டு; செய்தி ஒன்று. 300, 150 என்னும் விலைகள் பொருந்தும். 280, 190 என்பனவும் பொருந்தும். இவற்றின் சராசரியான 290, 170 என்பனவும் பொருந்தும். எந்த இரு தீர்வுகளுக்கு இடையிலும் இவ்வாறு மற்றொன்று இருப்பதால், சரியாக இரண்டு தீர்வுகள் என்பதற்கே இடமில்லை. ஒன்றுக்கு மேல் இருந்தால் எண்ணிலடங்காதவை.

அதே சரக்கிற்கு அவர் ரூ. 1,400 மட்டுமே தந்திருந்தால், இரு சீட்டுகளுக்கும் பொருந்தும் விலையே கிடையாது. மொத்தமாக வாங்கியதற்கு விலை குறைத்திருக்கலாம். அல்லது சீட்டில் பிழை இருக்கலாம். தீர்வு இல்லை என்பதும் பயனுள்ள விடையே!

இம்மூன்றையும் பிரித்தறிய உதவுவது அணியின் தரம். தரம் என்பது ஒன்றையொன்று சாராத நிரைகளின் எண்ணிக்கை. கெழுக்களின் அணிக்கு ஒரு தரம். வலப்பக்க எண்களையும் சேர்த்த அணிக்கு ஒரு தரம். இரண்டும் வேறுபட்டால் தீர்வு இல்லை. இரண்டும் சமமாகி, மாறிகளின் எண்ணிக்கைக்கும் சமமானால் ஒரே தீர்வு. அதனினும் குறைந்தால் எண்ணற்ற தீர்வுகள். நம் மூன்று நிலைகளில் இத்தரங்கள் முறையே 2, 2, 1, 1, 1, 2. இதுவே பிரான்சின் ரூஷே, இத்தாலியின் கபெல்லி ஆகியோர் பெயரால் வழங்கும் தேற்றம்.

மூன்று ரகப் பூண்டின் விலைகளை இரண்டே சீட்டுகளைக் கொண்டு உறுதிசெய்ய இயலாது என்பதும் இதிலிருந்தே விளங்கும். ஆகவே நண்பர்களே, சமன்பாடுகள் எத்தனை என்று எண்ணுவதோடு நில்லாமல், அவற்றுள் புதுச் செய்தி தருபவை எத்தனை என்று பார்த்த பின்னரே கணக்கில் இறங்குவோம்.